உடனிருப்பவர் பெயர்



புறநோயாளர் பிரிவில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுள் பெரும்பாலானவற்றுக்கு என்னிடம் விடை உண்டு. மாத்திரையை உணவுக்கு முன் உண்பதா, பின் உண்பதா? காபியை நிறுத்த வேண்டுமா? மலைவாழைப்பழம் சர்க்கரையைக் கூட்டுமா? (கூட்டும். பண்ணைக்காட்டில் பிறந்தவரிடம் இதைச் சொல்வது எளிதன்று. எனினும் ஒரு பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.) ஆனால் சில வாரங்களுக்கு முன்பு, மகனின் கட்டிலருகே நின்ற ஒரு விவசாயி கேட்ட கேள்விக்கு என்னால் விடை கூற இயலவில்லை. "நாங்கள் கும்பிடாத நாளில்லை, டாக்டரய்யா. இவனுக்கு இப்படி ஆகும்போது அந்த ஆண்டவர் எங்கே போனார்?" என்றார் அவர். நான் ஆய்வக அறிக்கையைப் புரட்டுவதுபோல் நின்றேன். அவரும் விடையை எதிர்பார்க்கவில்லை என்றே தோன்றியது. ஆயினும் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

இதே மலைத்தொடரில் வாழ்ந்து மறைந்த ஒரு மருத்துவரிடம் இக்கேள்விக்கு ஒரு விடை இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். உங்களில் பலர் அறுவைச் சிகிச்சைக்காக வேலூருக்குச் சென்று வந்தவர்கள். அவர் 1946-இல் பணி ஓய்வு பெற்றபின் தங்கியது கொடைக்கானலில், 'ஹில்டாப்' என்னும் இல்லத்தில். 1960 மே மாதத்தில், தம் 89-ஆம் வயதில், அங்கேயே காலமானார். அவருடைய உடல் மலையிறங்கி வேலூருக்குச் சென்றது.

அவர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். பாட்டனார் மருத்துவ ஊழியராக 1819-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர், தந்தையும் மருத்துவர். குடும்பத்தில் இத்தனை மருத்துவ ஊழியர்கள் இருந்ததாலேயே, ஐடாவுக்கு அந்த வாழ்க்கையில் சிறிதும் விருப்பமில்லை. சிறுவயதில் பஞ்சத்தையும் அதன் கொடுமைகளையும் கண்டவர். அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ்ந்துவிட வேண்டும் என்பதே அவர் ஆசை. 1890-இல் தாயாருக்கு உடல்நலம் குன்றியதால், சில காலம் துணையிருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்தோடு திண்டிவனத்துக்கு வந்தார்.

அங்கே ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. பிராமண இளைஞர் ஒருவர் நின்றார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் கிடக்கிறாள். பிழைப்பது அரிது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். நீங்கள் வரவேண்டும் என்றார். 'நான் மருத்துவர் அல்லேன், என் தந்தையார்தாம் மருத்துவர். அவரை அழைத்துச் செல்லுங்கள்' என்றார் ஐடா. அந்நிய ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு இடமில்லை என்று இளைஞர் திரும்பிச் சென்றார். சிறிது நேரத்தில் மீண்டும் கதவு தட்டப்பட்டது. இம்முறை இஸ்லாமியர் ஒருவர். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னோர் இந்து. விடிந்தபோது ஊருக்குள் பறையொலி கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள்.

அந்த இரவைப் பற்றி அவர் பிற்காலத்தில் கூறுகையில், தாம் கடவுளை நேருக்கு நேர் சந்தித்தது அப்பொழுதுதான் முதன்முறை என்றார்.

பல ஆண்டுகளாக இவ்வாக்கியத்தை நான் வழிபாட்டுக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். கேட்டு, அடுத்த பாடலுக்குப் புத்தகத்தைத் திருப்பியிருக்கிறேன். அண்மையில்தான் அதன் விந்தை என்னைத் தடுத்து நிறுத்திற்று. அந்த இரவில் அற்புதம் எதுவும் நிகழவில்லை. அவர் செய்த ஜெபத்தால் எவரும் பிழைக்கவில்லை. மூன்று மரணங்கள் நேர்ந்த இரவு அது. கடவுள் எங்கே போனார் என்று கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான இரவு இருக்க முடியாது. ஆனால் அவர் கண்டதெல்லாம் வாசற்படியில் விளக்கொளியில் நின்ற மூன்று கணவர்களின் முகங்கள். அந்த இரவில்தான் ஆண்டவரைச் சந்தித்ததாகக் கூறினார். பசித்தவனும் நோயுற்றவனுமாக வந்தது நானே என்று நியாயத்தீர்ப்பு நாளில் கிறிஸ்து கூறுவதாக மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஐடா அம்மையார் அதனை உவமையாகக் கொள்ளவில்லை. நடந்த செய்தியாகவே எடுத்துக்கொண்டார் போலும்.

அதன் பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கா சென்று 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-இல் திரும்பினார், அதே ஆண்டில் தந்தையார் இறந்தார். வேலூரில் ஒரு சிற்றறையில் தொடங்கிய பணி, 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனையாயிற்று. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி, மரத்தடிகளில் வைத்தியம் செய்தார். ஊழியம் கொள்ள அன்று, ஊழியம் செய்யவே என்பது அக்கல்லூரியின் குறிக்கோள். மாற்கு நற்செய்தியில் இயேசு தம்மைக் குறித்துக் கூறியதன் சுருக்கம் அது.

ஐடா அம்மையாரின் கதையை இவ்வளவோடு முடித்துவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் என் கதவும் ஒருமுறை தட்டப்பட்டது. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத எனக்கு உரிமையில்லை.

அறுபது வயது கடந்த ஓர் அம்மா. காப்பித் தோட்டத்தில் வேலை, வீட்டில் விறகடுப்பு. ஜன்னல் இல்லாத சமையலறையில் நாற்பது ஆண்டுப் புகை. பீடி தொட்டறியாதவருக்கும் இப்புகையினால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரும் என்பதை இம்மலையில் ஒவ்வொரு வாரமும் காண்கிறேன். நுரையீரல் நலிய, அதற்கு இரத்தத்தை அனுப்பும் இதயத்தின் வலப்பகுதியும் ஓய்ந்துபோயிற்று, கால்கள் வீங்கின. ஓராண்டில் ஐந்து முறை எங்களிடம் அனுமதிக்கப்பட்டார். ஆறாவது முறைக்கு அவர் இசையவில்லை. வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்றார். நானும் அவருடைய கணவரும் அமர்ந்து பேசி, அவ்வாறே முடிவு செய்தோம். அது சரியான முடிவு என்றே இன்றும் எண்ணுகிறேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. அவருடைய கணவர். மூச்சு வாங்குகிறது என்றார். தலையணை வைத்து உட்காரவையுங்கள், நெபுலைசர் வையுங்கள், தாங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள் என்றேன். அவையெல்லாம் அவருக்குத் தெரியும், நானே கற்றுக்கொடுத்தவை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்கள் ஓர் எட்டு வந்துவிட்டுப் போனால் அவளுக்குத் தேவலையாக இருக்கும், சார்" என்றார். மழையில் சாலையில் மரம் விழுந்திருக்கக்கூடும், காலையில் வருகிறேன் என்றேன். ஆறு கிலோமீட்டர். மரம் எதுவும் விழுந்திருக்கவில்லை. நான் விசாரிக்கவுமில்லை. விடிவதற்கு முன் நான்கு மணியளவில் அந்த அம்மா இறந்துவிட்டார்.

மருத்துவ முறைப்படி என்மேல் குற்றமில்லை. நான் சென்றிருந்தாலும் அவர் ஒருநாள் கூடுதலாக வாழ்ந்திருக்கமாட்டார். புதிய மருந்து எதுவும் என் பையில் இருக்கவில்லை. உடன் பணியாற்றும் மருத்துவர்கள் அப்படித்தான் ஆறுதல் கூறினார்கள். ஆனால் அந்தக் கணவர் என்னிடம் மருந்து கேட்கவில்லையே! திண்டிவனத்தில் ஐடாவால் செல்ல இயலவில்லை. அவர் மருத்துவர் அல்லர். நான் முதுநிலை மருத்துவப் பட்டம் பெற்றவன், இருந்தும் செல்லவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதையே செல்லாமலிருப்பதற்குக் காரணமாக்கிக்கொண்டேன்.

செய்வதற்கு ஒன்றுமில்லாத நேரத்தில் ஆண்டவர் என்ன செய்கிறார் என்பதற்கு வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசியின் வரலாறு உண்டு. நம்பிக்கை இழந்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே படுத்துவிடுகிறார் அவர். மெல்லிய குரலில் இறைவன் பேசியது பின்னர்தான். முதலில் நடந்தது என்ன? தூதன் வந்து தொட்டான். சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் வைத்தான். எலியா உண்டு, குடித்து, மறுபடியும் உறங்கினார். தூதன் இரண்டாம் முறையும் வந்து தொட்டு உண்ணச் சொன்னான். அறிவுரை இல்லை, 'உன் விசுவாசம் எங்கே' என்ற கண்டிப்பும் இல்லை. ஒரு மருத்துவனாக அப்பகுதியைப் படிக்கும்போது, மனச்சோர்வுற்றவருக்கு நான் எழுதும் முதல் குறிப்புகளைப் போலவே அது இருக்கிறது.

நம் மருத்துவமனையின் அனுமதிப் படிவத்தில் 'உடனிருப்பவர் பெயர்' என்றொரு கட்டம் இருக்கிறது. கையெழுத்துக்கும் கட்டணத்துக்கும் தேவைப்படுவதால் அக்கட்டத்தை வைத்திருக்கிறோம். ஆனால் இம்மானுவேல் என்னும் பெயருக்கும் பொருள் அதுதான்: நம்மோடு இருக்கும் கடவுள். தேவ பிரசன்னம் என்று ஆலயத்தில் நாங்கள் கூறும் பெரிய சொல்லை வார்டு மொழியில் சொல்வதானால், உடனிருத்தல்.

இம்மலையில் உடனிருப்போர்க்குக் குறைவில்லை. சாலையில்லாத ஊர்களில் நோயாளியைப் போர்வையில் கிடத்தி, டோலி கட்டி, வழுக்குப் பாதையில் மணிக்கணக்கில் சுமந்து வருகிறார்கள். தோள் மாற்றி வரும் அம்மனிதர்களைப் படத்திலும் நேரிலும் காணும்போதெல்லாம், கூரையைப் பிரித்து நண்பனை இயேசுவின் முன் இறக்கிய நால்வர் நினைவுக்கு வருவார்கள். அவ்விடத்தில் இயேசு கண்டது நோயாளியின் விசுவாசத்தை என்று மாற்கு எழுதவில்லை; சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை என்றே எழுதியிருக்கிறார்.

ஆதலால் வார்டில் இரவு முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களே, 'நான் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன், டாக்டர்' என்று என்னிடம் சொல்லாதீர்கள். பேச்சற்றுக் கிடப்பவருக்கும் கேட்கும் திறன் இறுதிவரை நிலைத்திருக்கக்கூடும். ஆகவே பெயர் சொல்லி அழையுங்கள், கட்டிலருகே சொத்துக் கணக்கு பேசாதீர்கள். உதடு உலர்ந்தால் ஈரத்துணியால் ஒற்றுங்கள்; விழுங்க இயலாதவருக்கு வாயில் பாலோ நீரோ ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். எல்லாம் சரியாகிவிடும் என்று உறுதி கூறவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதற்கு எங்கள் அனுமதி தேவையில்லை. நீங்களும் உண்ணுங்கள், முறைவைத்து உறங்குங்கள். எலியாவுக்கே இருமுறை உணவு தேவைப்பட்டது.

அந்த அம்மா இறந்த இரவைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பின்னர்தான் அவ்வீட்டுக்குச் செல்லும் துணிவு எனக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் கணவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, காப்பி கொடுத்தார். பிறகு, "பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டார்கள், சார். அதனால் தனியாக இல்லை" என்றார். சுவரோடு சுவராக இருந்த வீட்டுப் பெண்மணி, இருமல் ஓசை கேட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் வந்து, கதவைத் தட்டியிருக்கிறார். இறந்தவரின் முதுகைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டு நான்கு மணிவரை அமர்ந்திருந்திருக்கிறார். சாய்ந்து உட்கார்ந்தால் மூச்சுத்திணறல் தணியும் என்பதை அவருக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் மாரியம்மனுக்கு விரதம் இருப்பவர், வேதாகமத்தைத் திறந்ததில்லை. சமாரியனைப் பற்றிய உவமையில் ஆசாரியன் ஒதுங்கிச் சென்றதையும், வேற்றுச் சமயத்தான் நின்றதையும் பலமுறை வாசித்திருக்கிறேன். அதில் எனக்குரிய பாத்திரம் எது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

அதன் பிறகு, வீட்டிலேயே இறுதி நாட்களைக் கழிக்க விரும்புவோரிடம் நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன்: அழைத்தால் வருவேன். எல்லா நேரமும் காப்பாற்ற முடிந்ததில்லை. ஒருமுறை சாலையில் உண்மையாகவே மரம் விழுந்து, பெருமாள்மலைக்கு இப்பால் இரண்டு மணிநேரம் நின்றேன். ஆனால் செல்ல முடிந்த இரவுகளில், பை நிறைய மருந்தோடு சென்று, ஒன்றையும் திறக்காமல் திரும்பியதுண்டு.

மகனின் கட்டிலருகே நின்ற அந்த விவசாயிக்கும் நான் இன்னும் விடை கூறவில்லை. வார்டுச் சுற்று முடிந்தபின் பத்து நிமிடம் அவர் பக்கத்தில் அமர்கிறேன். இவ்வாண்டு மிளகு எப்படி என்று கேட்பேன்; வாழையில் முடிக்கொத்து நோய் வந்துவிட்டது என்பார். மகன் நேற்றிலிருந்து கண் திறந்து பார்க்கிறான். மேலும் என்ன ஆகும் என்பதை இப்பொழுது சொல்வதற்கில்லை.

அந்தப் பக்கத்து வீட்டு அக்கா இப்பொழுது என் நோயாளி. இரத்த அழுத்தத்துக்கு மாதம் ஒருமுறை வருகிறார். சென்ற முறை அவரிடம் அந்த இரவைப் பற்றிப் பேச்செடுத்தேன். எந்த இரவு என்று சிறிது யோசித்தார். பிறகு, "ஆமாம், நல்ல மழை அன்றைக்கு" என்று சொல்லிவிட்டு, வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டார்.