பூஜ்யம் காட்டும் மீட்டர்

ஓ.என்.ஜி.சி.யின் காவிரி உற்பத்திப் பிரிவுக்குத் தலைமையிடம் காரைக்கால். சுற்றுவட்டாரத்தில் எண்ணெயும் எரிவாயுவும் போகும் குழாய்கள் பல இடங்களில் வயலுக்கு அடியில்தான் கிடக்கின்றன. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியது. 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனமான சி.பி.சி.எல்.-இன் குழாய் கசிந்து, மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த கசிவுகள். மீத்தேன் அப்படியில்லை. சமையல் சிலிண்டரின் நாற்றம் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளைக் கலப்பதால் வருவது. எண்ணெய்க் கிணற்று மீத்தேனுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் நகரம் என்ற கிராமத்தில் கெயில் எரிவாயு நிறுவனத்தின் குழாயிலிருந்து கசிந்த வாயு விடிகாலையில் தீப்பற்றி, பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கசிவைத் தேடும் கருவிகளில் ஒன்று, சுடர் அயனி அனலைசர். உள்ளே சின்ன ஹைட்ரஜன் சுடர் எரிந்துகொண்டிருக்கும். உறிஞ்சிய காற்றில் ஹைட்ரோகார்பன் இருந்தால், அது எரியும்போது மிகச் சில அயனிகள் பிறக்கும். மின்முனைகளுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுத்து அவற்றை இழுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்; ஆனால் பைக்கோ ஆம்பியர் கணக்கில், அதாவது ஓர் ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதை எலக்ட்ரோமீட்டர் பெருக்கியில் 100 கோடி ஓம் மின்தடை வழியாக அனுப்பினால் ஒரு பைக்கோ ஆம்பியர் ஒரு மில்லிவோல்ட் ஆகும். திரையில் தெரியும் எண் அங்கிருந்து வருகிறது.

இவ்வளவு நுண்ணிய கணக்கைக் கெடுக்க விரல் பட்ட அழுக்கே போதும். காப்பானின் மேல் உப்பு ஈரம் படிந்தால் மின்சாரம் அதன் வழியே கசிந்து பொய்க்கணக்கு காட்டும். கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். இதைவிட மோசமான கோளாறும் உண்டு. வாயு மிக அடர்த்தியாக இருந்தால் சுடருக்கு ஆக்சிஜன் போதாமல் அணைந்துவிடும். அயனி இல்லை, திரையில் பூஜ்யம். நல்ல கருவியில் தெர்மோகப்பிள் சுடரின் சூட்டைக் கவனித்து அலாரம் அடிக்கும். நஞ்சான ஹைட்ரஜன் சல்ஃபைடோ இந்த அனலைசரின் கண்ணில் படவே படாது. அதற்குத் தனிச் சென்சார் வேண்டும்.

ஆகவே, "மீட்டரில் ஒன்றுமில்லை" என்ற பதிலோடு ஊர் மக்கள் திரும்பத் தேவையில்லை. ஓ.என்.ஜி.சி., சி.பி.சி.எல். போன்றவை பொதுத்துறை நிறுவனங்கள் என்பதால் தகவல் உரிமைச் சட்டம் 2005 அவற்றுக்கும் பொருந்தும். எந்தக் கருவி, அளவு தெரிந்த மீத்தேன் கொண்டு கடைசியாக எப்போது காலிபிரேஷன் செய்தார்கள், சுடர் அலாரம் சோதித்த பதிவு உண்டா என்று கேட்கலாம். பதில் தர 30 நாள். உயிர் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம்.

குழாய் பதிக்கவோ பழுதுபார்க்கவோ வயலில் இறங்கிச் சேதம் செய்தால், 1962-ஆம் ஆண்டுப் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி இழப்பீடு உண்டு. தொகை போதாவிட்டால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். அபாயப் பொருள் விபத்தில் அடிபட்டவர்கள், 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி, ஐந்தாண்டுக்குள் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். நிறுவனத்தின் அஜாக்கிரதையை நிரூபிக்க வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் சேதத்துக்குச் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு.

கசிவு என்று சந்தேகம் வந்த நொடியில் மோட்டார், சுவிட்ச், செல்போன் எதையும் தொடாமல், காற்று வரும் திசையை நோக்கி விலகிப் போய் 112-ஐ அழைக்க வேண்டும். புகார் எழுதும்போது எல்லையைக் கவனிக்க வேண்டும்: காரைக்காலுக்குப் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம், நாகூருக்குத் தமிழ்நாடு வாரியம். தகவல் மனு தப்பான அலுவலகத்துக்குப் போனாலும் கவலையில்லை. ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.