பல் அடைப்பு விரைவில் கழன்று விழுவது ஏன்? பசை பூசும் முறையும் ஒரு காரணம்

சித்தூர்: சொத்தைப் பல்லில் பல்லின் நிறத்திலேயே வைக்கப்படும் அடைப்பு சிலருக்குப் பல ஆண்டுகள் நிலைக்கிறது, சிலருக்குச் சில மாதங்களிலேயே கழன்றுவிடுகிறது. சித்தூர் - பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள பங்காருபாளையம் போன்ற ஊர்களின் விவசாயத் தொழிலாளர்களுக்கு, அதற்காக மீண்டும் மருத்துவரிடம் செல்வது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். அடைப்பின் ஆயுளைப் பசையின் தரம் மட்டுமின்றி, அதைப் பூசும் முறையும் தீர்மானிக்கிறது.

பசை பிடிப்பது எப்படி?

பாஸ்போரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பிசின் உறுதியாகப் பற்றும் என்பதை 1955-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மைக்கேல் புவோனோகோர் எடுத்துக்காட்டினார். தற்போது பொதுவாக 35 முதல் 37 சதவீத அமிலம் பயன்படுத்தப்படுகிறது. எனாமலுக்கு 15 முதல் 30 விநாடிகளும், அதன் அடியிலுள்ள டென்டினுக்குச் சுமார் 15 விநாடிகளும் போதுமானவை.

ஈரத்தின் அளவு முக்கியம்

அமிலம் பட்ட டென்டினில் கனிமம் நீங்கி, கொலாஜன் இழைகள் வெளிப்படும். பசை அவற்றினூடே ஊடுருவி உருவாக்கும் கலப்பு அடுக்கே பிடிமானத்தின் அடிப்படை என்பதை 1982-ஆம் ஆண்டு ஜப்பானின் நோபுவோ நகபயாஷி குழுவினர் விளக்கினர். அமிலத்தைக் கழுவிய பின் காற்றடித்து அதிகமாக உலர்த்தினால் இழைகள் சாய்ந்து படிந்து, பசைக்கு வழியடைத்துவிடும். நீர் தேங்கினாலோ பசை நீர்த்துப்போகும். எனவே மேற்பரப்பு லேசாக மின்னும் ஈரத்துடன் இருக்க வேண்டும்.

அடுத்து, பசையை மேலோட்டமாகத் தடவாமல், தயாரிப்பாளர் குறிப்பிடும் நேரம் வரை சிறு தூரிகையால் தேய்த்துப் பூசுவது ஊடுருவலைக் கூட்டும். பின்னர் மெல்லக் காற்றடித்து, பசையிலுள்ள கரைப்பானை ஆவியாக்கிய பிறகே நீல ஒளியால் இறுக வைக்க வேண்டும். இடையில் உமிழ்நீரோ ரத்தமோ பட்டால் பிடிமானம் குறையும். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டப்படுவது இதனால்தான்.

புளோரைடு கறை உள்ள பற்கள்

அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில் குடிநீர் புளோரைடால் ஏற்படும் பாதிப்பு 1937-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்யப்பட்டது. இவ்வாறு பாதிக்கப்பட்ட எனாமல் அமிலத்தை எளிதில் ஏற்காது. ஆகவே அமிலம் வைக்கும் நேரத்தை மருத்துவர்கள் நீட்டிப்பதுண்டு.

கவனிக்க வேண்டியவை

சிகிச்சையின்போது அவசரப்படுத்தாமல், வாயில் ஊறும் உமிழ்நீரை உடனே உறிஞ்சச் சொல்வது நல்லது. அடைப்பின் ஓரத்தில் உணவு சிக்கினாலோ கூச்சம் நீடித்தாலோ, அது விழும்வரை காத்திராமல் மருத்துவரைக் காண வேண்டும். அந்த இடைவெளியில் மீண்டும் சொத்தை உருவாகக்கூடும்.