கணக்கு ஓரிடத்தில் மட்டும் இருந்தால்...

ஒக்டோபர் பிறந்துவிட்டால் எமது நாலந்தாப் பக்கம் பின்னேரமானதும் இடி மின்னல்தான். அப்படியான ஒரு பின்னேரத்தில் எங்கள் வீட்டுக் கம்பியூட்டர் அடியோடு பழுதாகிப் போனது. மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் எனக்கு அந்தப் பெட்டியின் விலை பெரிய விடயமல்ல. எந்தத் தோட்டக்காரருக்கு எவ்வளவு முற்பணம் கொடுத்தேன், யாருக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் அதற்குள்தான் இருந்தது. பழைய பில் கட்டுகளைப் புரட்டியும் ஆட்களிடம் விசாரித்தும் ஓரளவு சரிக்கட்டினேன். எனக்கு வரவேண்டியதில் கொஞ்சம் போனது, போகட்டும். நான் கொடுக்க வேண்டியதில் ஏதும் விடுபட்டிருக்குமோ என்பதுதான் இன்றும் மனதை உறுத்துகிறது.

அல்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் சூரா அல்பகராவின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்வது அதுதான். எழுதியது எரியாமலும் நனையாமலும் இருக்க வேண்டுமே! 2018 மார்ச்சில் திகனையில் கடைகள் எரிந்ததையும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளத்தையும் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. கணக்கின் ஒரு பிரதி கடைக்கும் வீட்டுக்கும் வெளியே இருக்க வேண்டும். இணையம் வழியாகத் தூர இடத்தில் பிரதி வைக்கும் 'ஒன்லைன் பேக்கப்' சேவைகள் இதற்காகத்தான் இருக்கின்றன.

"கூகுள் டிரைவில் போட்டிருக்கிறேன், அது போதும்தானே நானா?" என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். கூகுளில் 15 ஜிகாபைட், மைக்ரோசொப்டின் வன்டிரைவில் 5, ட்ரொப்பொக்ஸில் 2 என்று இலவச இடம் கிடைக்கிறது. ஒரு சிறு கடையின் கணக்குக்கு இது தாராளம். ஆனால் இவை அடிப்படையில் இரு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் சேவைகள். இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும். கப்பம் கேட்கும் வைரஸ் வந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்பே மேலேயும் போய்ச் சேரும். கூகுள் டிரைவில் அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அதன் பின் இல்லை. ஜனவரியில் கைதவறி அழித்ததை வரிக் கணக்குப் பார்க்கும்போது மார்ச்சில் தேடினால் கிடைக்காது. ஆகவே எந்தச் சேவையானாலும் முதலில் கேட்க வேண்டியது, பழைய பிரதிகளை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதே. இடம் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி.

இதில் அரசாங்கமே அடிபட்டது. 2023 ஓகஸ்டில் லங்கா அரச கிளவுட் கட்டமைப்பைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. பிரதி இல்லாமலா? இருந்தது. ஆனால் கட்டமைப்போடு இணைந்திருந்த பிரதியையும் வைரஸ் பூட்டிவிட்டது. தனியாகக் கழற்றி வைத்த பிரதி அண்மைக் காலத்துக்கு இருக்கவில்லை. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. தொழில்நுட்பத்தில் நாம் அண்ணாந்து பார்க்கும் தென்கொரியாவிலும் இதே கதைதான். 2025 செப்டெம்பரில் டேஜோன் நகரின் அரச தரவு நிலையம் தீப்பற்றியபோது, அரச ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை.

அடுத்தது வேகம். பல வீட்டு இணைப்புகளில் இறக்கும் வேகம் கூட, ஏற்றும் வேகம் குறைவு. வினாடிக்கு ஒரு மெகாபிட் என்றால் இராப்பகலாக ஓடினாலும் நாளுக்குச் சுமார் 10 ஜிகாபைட்தான் ஏறும். கல்யாண வீடியோக்களோடு 200 ஜிகாபைட்டை ஏற்றப் போனால் கிட்டத்தட்ட மூன்று வாரம் பிடிக்கும், மாத டேட்டாவும் கரைந்துவிடும். கணக்கை முதலில் அனுப்புங்கள், கல்யாணம் பிறகு போகட்டும்.

காசு கட்டும் சேவைகள் பெரும்பாலும் டொலரில் அறவிடுகின்றன. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள். கார்டில் பணம் போகாவிட்டால் எத்தனை நாள் தவணை தருவார்கள் என்று நிபந்தனைகளில் பாருங்கள். கம்பெனியே கைவிடவும் கூடும். க்ராஷ்பிளான் என்ற பெயர்பெற்ற நிறுவனம் வீட்டுப் பாவனையாளருக்கான சேவையை நிறுத்தப் போவதாக 2017இல் அறிவித்து, 2018 ஒக்டோபரில் மூடியது.

சேர்ந்த முதல் வாரமே ஒரு கோப்பை வேறொரு கம்பியூட்டரில் திரும்ப இறக்கி, திறந்து பாருங்கள். திறக்காத பிரதியை நம்பிக் காசு கட்டுவது, மூட்டையை அவிழ்க்காமல் மிளகு வாங்குவது போன்றது. இரகசியப் பூட்டுச் சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளும் சேவைகளும் உண்டு. அந்தரங்கத்துக்கு அது நல்லது, ஆனால் சொல்லை மறந்தால் கம்பெனிக்காரனாலும் திறக்க முடியாது.

நம்மவர்கள் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது. மௌத்தானவரின் சொத்தைப் பங்கிடுமுன் அவரது கடனை அடைக்க வேண்டும். கணக்கு எங்கோ பூட்டிக் கிடந்தால் பிள்ளைகள் எதைப் பார்த்து அடைப்பார்கள்? இரண்டு வருடம் பாவிக்காத தனிநபர் கணக்குகளை அழிக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது.

எனது ஏற்பாடு இதுதான். கணக்கு தினமும் இரவில் இணையத்துக்குப் போகிறது. மாதம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எடுத்து, கழற்றி, மாத்தளையில் தங்கை வீட்டு அலுமாரியில் வைக்கிறேன். கடவுச்சொல்லை ஒரு கடித உறையில் எழுதி ஒட்டி மூத்த மகனிடம் கொடுத்திருக்கிறேன்.