மேக்கா, விண்டோசா? – 6: ஈப்போவுக்கு ஐந்தா, ஆறா?

சென்ற வாரம் மின்கலத்தையும் நினைவகத்தையும் பார்த்தோம். 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள் என்று முடித்திருந்தேன்.

இந்த வாரம் விலையும் பழுதுபார்ப்பும் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய செய்தி வேறு எதையும் எழுத விடவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டம் இன்று செம்பனையாகிவிட்டது. லயங்கள் இருந்த இடத்தில் தாமான் வீடுகள். சிதறிப்போன குடும்பங்களிடமிருந்து பழைய படங்களைத் திரட்டி, ஒன்றுகூடலுக்கு ஒரு மலர் போடுகிறார். படங்களையெல்லாம் 2013-ல் வாங்கிய மேக்புக்கில் ஐந்து கோப்புறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்: லயம், பெரட்டு, ஆயாக்கொட்டகை, கோயில், பால் ஸ்டோர். ஈப்போவில் மலரை அச்சிடும் கடையில் இருப்பதோ விண்டோஸ். கடைத் தம்பி அதே ஐந்து பெயர்களைத் தட்டச்சு செய்து கோப்புறைகளைத் தயாராக வைத்திருந்தார். டீச்சர் ஜிப் செய்து மின்னஞ்சலில் அனுப்ப, தம்பி அதை அங்கேயே பிரித்தார்.

லயம் படங்கள் லயத்துக்குள் போயின. பெரட்டுப் படங்கள் பெரட்டுக்குள் போயின. மற்ற மூன்றும் போகவில்லை. திரையில் இரண்டு ‘கோயில்’, இரண்டு ‘ஆயாக்கொட்டகை’, இரண்டு ‘பால் ஸ்டோர்’.

“டீச்சர், ஒரே பேர்ல ரெண்டு ரெண்டா இருக்கு. எதை அழிக்கிறது?”

“ஒன்னையும் தொட்டுடாதே தம்பி!”

ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகளை விண்டோஸ் ஒருபோதும் அனுமதிக்காது. அப்படியானால் அவை ஒரே பெயர் இல்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு வெவ்வேறு பெயர்கள். எந்தப் பெயர்கள் இரட்டித்தன என்று பாருங்கள். கோயில், கொட்டகை, ஸ்டோர். மூன்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது. லயத்திலும் பெரட்டிலும் இல்லை. வழக்கின் சாட்சியம் முழுவதும் இவ்வளவுதான்.

யூனிகோடில் ‘கோ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒரு விதம். அந்தக் குறியின் எண் 0பிசிபி. ககரத்தோடு இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாக வைப்பது இன்னொரு விதம். எண்கள் 0பிசி7, 0பிபிஇ. இரண்டும் சமம் என்று யூனிகோடு விதியே சொல்கிறது. திரையில் எழுத்துருவும் இரண்டையும் ஒன்றாகத்தான் வரையும். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே இரட்டை வாழ்வு உண்டு. மற்ற உயிர்க்குறிகளுக்குக் கிடையாது.

பழைய ஈய அச்சுக்கூடத்தில் ‘கோ’ என்று அடுக்க அச்சுக்கோப்பவர் பெட்டியிலிருந்து கொம்பை ஒரு கையால் எடுப்பார், பிறகு க, பிறகு கால். தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் அப்படியே, மூன்று விசைகள். பள்ளிக்கூடத்தில் படித்ததோ வேறு: க் என்ற மெய்யோடு ஓ என்ற ஓர் உயிர் சேர்ந்தது. ஆக ஒரே எழுத்து அச்சுக்கூடத்தின் கணக்கில் மூன்று துண்டு, இலக்கணத்தின் கணக்கில் இரண்டு. கணினிக்கு எழுத்தட்டவணை போட்டவர்கள் இரண்டு கணக்கையும் ஏற்றுக்கொண்டார்கள். இங்கே வீரமாமுனிவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சுவடிகளில் குறிலுக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் தேய்ந்து, கொ எது, கோ எது என்று இடம் பார்த்துப் படிக்க வேண்டியிருந்தது. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் வேறு வேறாக்கி அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் அந்த இத்தாலியரைத்தான் சொல்கிறோம். அவர் பிரித்துக் கொடுத்த இரட்டைக் கொம்புதான் டீச்சரின் கோப்புறையில் தனிக் குறியாக உட்கார்ந்திருக்கிறது.

இனி மேக்குக்கு வருவோம். 1998-ல் ஆப்பிள் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறையைக் கொண்டுவந்தது. அதில் ஒரு பெயரைச் சேமிக்கும்போது, பிரிக்க முடிந்த எழுத்தையெல்லாம் பிரித்தே வைக்கும். நீங்கள் ஓகாரத்தை ஒரு குறியாகத் தட்டினாலும் அது இரண்டாக்கி எழுதிக்கொள்ளும். விண்டோசின் என்டிஎஃப்எஸ் எதையும் தொடாது. வந்ததை வந்தபடி வைக்கும், ஒப்பிடும்போதும் குறிக்குக் குறி ஒப்பிடும். மேக்கிலிருந்து புறப்பட்ட கோயில் ஏழு குறிகளோடு வந்தது, கடையில் தட்டிய கோயில் ஆறு குறிகளோடு இருந்தது. விண்டோசுக்கு இரண்டும் வேறு.

அன்றிரவு பேராக் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ‘ஈப்போ’ விண்டோசில் தட்டினால் 5 குறிகள், யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். அதே ஈப்போ பழைய மேக்கின் கோப்புப் பெயரில் 6 குறிகள், 18 பைட். கோப்பெங், பீடோர், கோலகங்சார் மூன்றும் இதே கட்சி. தைப்பிங், தாப்பா, கம்பார், பத்து காஜா, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் எல்லாம் இரண்டு இயந்திரத்திலும் மாறாமல் இருக்கின்றன. பேராக் என்ற மாநிலப் பெயரும் தப்பிவிட்டது; ஏகாரக் கொம்பு ஒற்றைக் குறிதான். 1877-ல் ஹியூ லோ ரப்பர்க் கன்றுகளை நட்ட கோலகங்சார் மாட்டிக்கொண்டது. அதைவிடப் பெரியது, ‘தோட்டம்’ என்ற சொல்லே மாட்டிக்கொண்டது. தோட்டத்தின் பெயரோடு தோட்டம் என்ற சொல்லையும் சேர்த்து நாம் வைக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் இந்த இரட்டை வாழ்வு உண்டு. மூடப்பட்ட தோட்டங்களின் படங்களையும் பெயர்ப் பதிவேடுகளையும் இப்போது பலர் ஆர்வத்தோடு திரட்டுகிறார்கள். இதை அவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

நமக்கு மட்டும் வந்த துன்பம் இல்லை இது. கொரியர்களுக்கு நம்மைவிட மோசம். மேக்கிலிருந்து வந்த கோப்பின் பெயர் விண்டோசில் ஒவ்வோர் அசையும் துண்டு துண்டாக உடைந்து கண்ணெதிரே சிதறிக் கிடக்கும். நமக்கு எழுத்துரு ஒட்டவைத்துக் காட்டிவிடுவதால் சிதறல் தெரிவதில்லை, தெரியாததுதான் ஆபத்து. லினக்சை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்சும் எச்எஃப்எஸ் பிளசின் இந்தப் பழக்கத்தைப் பகிரங்கமாகத் திட்டித் தீர்த்திருக்கிறார். 2017-ல் ஆப்பிள் ஏபிஎஃப்எஸ் என்ற புதிய முறைக்கு மாறியது. அது பெயரைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். தேடும்போது மட்டும் இரண்டு வடிவத்தையும் ஒன்றாகக் கருதும். என் பார்வையில் இதுதான் சரியான வழி. ஆனால் மேக் செயலிகள் பல பெயரைப் பிரித்துவிட்டே ஒப்படைக்கும் பழக்கத்தை விடவில்லை. அதனால் புது மேக் வாங்கினாலும் தொல்லை அடியோடு போய்விடாது.

அப்படியானால் மேக் தமிழுக்கு ஆகாதா? அந்த முடிவுக்கு யாரும் போய்விட வேண்டாம். மேக்குக்குள் இருக்கும் தமிழ் எழுத்துருக்களின் பெயர்களைப் பாருங்கள்: இணைமதி, தமிழ் எம்என், தமிழ் சங்கம் எம்என். அந்த எம்என் நம் மலேசியர் முத்து நெடுமாறனின் பெயரெழுத்துகள். 1985-ல் முரசு மென்பொருளைத் தொடங்கியவர். சங்கம் எம்என் வரிசையில் தேவநாகரி, மலையாளம், சிங்களம் வரை அவர் கை உண்டு. 2005-ல் வந்த டைகர் பதிப்பிலேயே இணைமதி மேக்குக்குள் இருந்தது. விண்டோஸ் 2000-லேயே லதா எழுத்துரு வந்துவிட்டாலும், அஞ்சல், தமிழ்99 விசைமுகங்கள் விண்டோசுக்குள்ளேயே கிடைக்க 2019 வரை காத்திருந்தோம். அதுவரை முரசு அஞ்சலையோ இ-கலப்பையையோ தனியாக நிறுவிக்கொண்டோம். நீண்ட நேரம் தமிழ் வாசிக்கவும் எழுதவும் மேக் திரையில் அந்த எழுத்துகள் தரும் தெளிவை நான் விண்டோசின் நிர்மலா எழுத்துருவிடம் பெற்றதில்லை.

ஆகவே ‘எது நல்லது’ என்று கேட்பதைவிட, உங்கள் கோப்பு அடுத்து எந்த இயந்திரத்துக்குப் போகப்போகிறது என்று கேளுங்கள். பள்ளி அலுவலகம், அச்சுக்கடை, ஃபோட்டோஸ்டேட் கடை எல்லாம் விண்டோஸ் என்றால், தமிழ்க் கோப்புகளை நாள்தோறும் கைமாற்றுகிறவர் விண்டோஸ் வாங்குவதே நல்லது. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கப் போகும் பிள்ளைக்கும் இதையே சொல்வேன். தனியாக அமர்ந்து எழுதி, முடிந்ததைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறவர் தாராளமாக மேக் வாங்கலாம். பிடிஎஃபின் பெயரை மட்டும் பெறுகிறவர் ஒருமுறை திருத்திக்கொள்ளட்டும். வம்பே வேண்டாம், கோப்புக்கு ஆங்கிலத்தில் பெயர் வை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயாக்கொட்டகைக்கு ஆயாக்கொட்டகை என்றுதான் பெயர் இருக்க வேண்டும்.

டீச்சருக்குச் சொன்ன வழி எளிது. மேக்கிலிருந்து வந்த மூன்று கோப்புறைகளிலும் உள்ள படங்களைக் கடையில் தட்டிய கோப்புறைகளுக்கு நகர்த்திவிட்டு, காலியானவற்றை மட்டும் அழிக்க வேண்டும். உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களில் ஒகர ஓகாரம் இருந்தால், விண்டோசிலேயே பெயரை ஒருமுறை புதிதாகத் தட்டிவிட வேண்டும். நகலெடுத்து ஒட்டினால் பழைய குறிகளே வந்துவிடும். தம்பி செய்து முடித்துவிட்டதாக நேற்று தகவல் வந்தது. மலர் அச்சுக்குப் போகிறது.

விலையும் பழுதுபார்ப்பும் அடுத்த வாரம். ஆப்பிளின் சொந்தக் கடை 2024 ஜூனில்தான் மலேசியாவுக்கு வந்தது, அதுவும் கோலாலம்பூர் டிஆர்எக்ஸில். ஈப்போக்காரர் மேக்கின் திரை உடைந்தால் இடிஎஸ் ரயில் ஏற வேண்டுமா, உள்ளூரிலேயே வழி உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 10 கணினியை இன்னும் வைத்திருப்பவர்களும் அடுத்த இதழ் வரை புதிது வாங்காமல் பொறுத்திருங்கள்.