இடுப்பில் உலோக மூட்டு, ரத்தத்தில் கோபால்ட்: எப்படி?

மாற்று இடுப்பு மூட்டில் பந்து, கிண்ணம் இரண்டுமே கோபால்ட்–குரோமியம் கலவையாக இருந்தால், நடக்க நடக்க ஒன்றோடொன்று உரசும். உதிர்வது நானோமீட்டர் அளவுத் துகள்கள். துகள் சிறுத்தால் மொத்தப் பரப்பு கூடும். உடல் திரவம் அவற்றை எளிதில் அரித்து, அயனிகளாக ரத்தத்தில் சேர்த்துவிடும். கோபால்ட்டைச் சிறுநீரகம் வெளியேற்றும். சிறுநீரகமே பழுதென்றால் தேங்கும்.

கிண்ணம் சற்றுச் செங்குத்தாக அமைந்துவிட்டால் சுமை விளிம்பில் குவியும். இடையிலுள்ள மசகுப் படலம் அறுந்து தேய்மானம் எகிறும். டிபியூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மூட்டில் கிண்ணத்தின் ஆழமே குறைவு. சுமார் 93,000 மூட்டுகள் பொருத்தப்பட்ட பிறகு, 2010 ஆகஸ்டில்தான் திரும்பப் பெற்றார்கள். தாமதம் என்றே சொல்ல வேண்டும்.

இந்த உலோகங்களின் அளவை அறிய ரத்தம் எடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. எஃகு ஊசியிலேயே குரோமியம் இருக்கிறதே! அதனால் பிளாஸ்டிக் கேனுலாவைச் செருகி, முதலில் வரும் சில மில்லி ரத்தத்தை ஒதுக்கிவிட்டு, அடுத்து வருவதைத் தனிக் குழாயில் பிடிக்கிறார்கள். ரத்தத்தில் கோபால்ட் அல்லது குரோமியம் லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் கூடுதல் கவனம் தேவை என்றது பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. இது நச்சின் எல்லைக்கோடு அல்ல, மூட்டு தேய்வதற்கான அறிகுறி. எண் குறைவாக இருந்தும் மூட்டைச் சுற்றிய தசை கெட்டவர்கள் உண்டு. ஆகவே ஸ்கேனும் வேண்டும்.

கோபால்ட் மிக அதிகமானால் செவி, பார்வை, தைராய்டு, இதயம் பாதிக்கப்படலாம். 1960களில் கனடாவின் கியூபெக்கில், நுரை நிற்பதற்காகக் கோபால்ட் சேர்த்த பீரை அளவின்றிக் குடித்தவர்களின் இதயத் தசை பழுதானது.