பாட்டி உட்கார்ந்திருக்கும் பெஞ்ச்

"ரொம்ப ஓவர்திங்க் பண்றேன்டா"ன்னு சொல்லாத ஃப்ரெண்ட் யாராவது உங்களுக்கு இருக்காங்களா? எனக்கு இல்லை. ஜிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுறவங்க இதை 'குஃபுங்கிசிசா' என்பார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று அர்த்தம். டிப்ரெஷன் என்று டாக்டர்கள் சொல்வதை அங்கே பலரும் இந்த வார்த்தையால்தான் சொல்றாங்க. இன்னைக்கு எபிசோட், அந்த வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு டாக்டரின் ஆராய்ச்சி பற்றி.

அவர் பெயர் டிக்சன் சிபாண்டா. அந்த நாட்டில் மனநல மருத்துவர்களை விரல் விட்டு எண்ணிடலாம். அதில் இவர் ஒருவர். 2005-ல் இவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஏன் கூட்டிட்டு வரலைன்னு கேட்டப்போ, பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லைன்னு சொன்னாங்களாம் அம்மா. சிகிச்சை இருந்தது, டாக்டர் இருந்தார். அங்கே போய்ச் சேரத்தான் வழியில்லை.

அப்போ சிகிச்சைதானே ஜனங்க இருக்கிற இடத்துக்குப் போகணும்? 2006-ல் தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் வேலையைத் தொடங்கினார். கிளினிக்கில் ரூம் கிடைக்கலை. வெளியே மரப் பெஞ்ச் போட்டாச்சு. நர்ஸ்களும் கிடைக்கலை, கிடைத்தது 14 பாட்டிகள், ஏற்கெனவே அந்த ஏரியாவில் சுகாதார வேலை பார்த்தவங்க. பெஞ்சுக்கு முதலில் வைத்த பெயரில் 'மனநலம்' இருந்தது. அப்படிப் பேர் வச்சா ஒருத்தரும் வந்து உட்கார மாட்டாங்கன்னு பாட்டிகள் சொன்னாங்க. அது 'நட்புப் பெஞ்ச்' ஆனது.

அங்கே என்ன நடக்கும்? முதலில் 14 கேள்விகள். பிறகு வந்தவர் தன் பிரச்சினைகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். அதில் ஒன்றை அவரே தேர்ந்தெடுப்பார். இந்த வாரம் அதற்கு என்ன செய்ய முடியும் என்பதையும் அவரேதான் யோசிக்கணும். பாட்டி அட்வைஸ் மழை பொழிய மாட்டாங்க! இப்படி ஆறு முறை சந்திப்பு.

இதெல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்கு, பலன் உண்டான்னு எனக்கும் சந்தேகம் வந்தது. 2016-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த கட்டுரையில் பதில் இருக்கு. 24 கிளினிக்குகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். மொத்தம் 573 பேர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்பு கிடைத்தவர்களில் 49.9 சதவீதம் பேருக்கு டிப்ரெஷன் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் அது 13.7 சதவீதம்தான்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. இது டாக்டருக்கு மாற்று கிடையாது. தற்கொலை எண்ணம் இருக்கிறவங்களைப் பாட்டிகளே அடுத்த கட்ட சிகிச்சைக்கு அனுப்பிடுவாங்க. நாமளும் அதைத்தான் செய்யணும்.

அதனால அடுத்த தடவை ஒரு ஃப்ரெண்ட் "ஓவர்திங்க் பண்றேன்"னு சொன்னா, மீம் அனுப்பிட்டு நகராதீங்க. "எதைப் பத்தி?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.