தலைக்குள் இரத்தக் கசிவு: தட்டணு ஏற்றினால் போதுமா?

மாணவர்களே, ‘பிளேட்லெட்’ என்றதும் டிங்கிக் காய்ச்சல்தான் உங்கள் ஞாபகத்துக்கு வரும். “பிளேட்லெட் இறங்கிடுச்சாம்” என்று வீட்டில் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். தலையில் அடிபட்டு மூளைக்குள் இரத்தம் கசிபவருக்கும் சில நேரங்களில் இதை ஏற்றுவார்கள். எப்போது, ஏன் என்று பார்ப்போம்.

தட்டணுவின் வேலை

தமிழில் இதை இரத்தத் தட்டணு என்கிறோம். எலும்பு மஜ்ஜையில் உருவாகி, 7 முதல் 10 நாள் வரை வாழும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருப்பது இயல்பு. இரத்தக்குழாய் கிழிந்தால் தட்டணுக்கள் அங்கே ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பை உண்டாக்கும். பிறகு ஃபைப்ரின் இழைகள் வலைபோல் பின்னி அதை உறுதியாக்கும்.

கையில் வெட்டுப்பட்டால் அழுத்திப் பிடிக்கலாம். தலைக்குள் அது முடியாது. மண்டையோடும் விரிந்து கொடுக்காது. தேங்கும் இரத்தம் மூளையை நசுக்கும். அதனால்தான் கசிவை விரைவில் நிறுத்தப் பார்க்கிறார்கள்.

எண்ணிக்கை வேறு, செயல்பாடு வேறு

முதல் நிலை: தட்டணு எண்ணிக்கையே குறைவு. மூளையில் கசிவு உள்ளவருக்கு 100,000க்குக் குறையாமல் வைத்திருக்க மருத்துவர்கள் பொதுவாக முயல்வார்கள். குறைந்தால் தானமாகக் கிடைத்த தட்டணுவை ஏற்றுவார்கள்.

இரண்டாவது நிலை: எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஆனால் தட்டணு ஒட்டவில்லை. இதய நோய்க்காகத் தாத்தா ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மருந்து பட்ட தட்டணு, சாகும்வரை பழையபடி வேலை செய்யாது. “அப்படின்னா புதுத் தட்டணுவை ஏற்றினால் சரியாகிடுமே!” என்று தோன்றும், இல்லையா?

2016இல் லான்செட் இதழில் வெளியான ‘பேட்ச்’ ஆய்வு இதைத்தான் சோதித்தது. நெதர்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளில், இத்தகைய மருந்து சாப்பிட்டுவந்த 190 நோயாளிகள் அதில் இடம்பெற்றார்கள். தட்டணு ஏற்றப்பட்டவர்களிடையே, மூன்று மாதத்துக்குப் பின் மரணமோ பிறரைச் சார்ந்து வாழும் நிலையோ அதிகமாக இருந்தது. நல்லது என்று நினைத்தது கெடுதலாக முடிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த நோயாளிகளுக்கு ஏற்பட்டது பக்கவாத வகைக் கசிவு, அடிபட்டு வந்ததல்ல. எனவே அதன் முடிவை விபத்து நோயாளிக்கு அப்படியே பொருத்த முடியாது. அடிபட்டவர்களைப் பற்றிய ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. ஆகவே, எண்ணிக்கை எவ்வளவு, என்ன மருந்து, அவசர அறுவை தேவையா என்று பார்த்தே மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது

இத்தகைய மருந்து சாப்பிடும் பெரியவர் விழுந்து தலையில் அடிபட்டால், “நல்லாத்தான் இருக்கேன்” என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருந்து அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். பயந்துகொண்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நிறுத்துவதும் ஆபத்துதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி

வகுப்பில் இப்படிக் கேளுங்கள்: “ஆஸ்பிரின் சாப்பிடும் ஒருவருக்குத் தலையில் அடிபட்டுக் கசிவு. தட்டணு 250,000 இருக்கிறது. ‘எண்ணிக்கை போதும், பயமில்லை’ எனலாமா? ‘தட்டணு ஏற்றியே ஆகவேண்டும்’ எனலாமா?” இரண்டுக்குமே விடை ‘கூடாது’ என்பதுதான். காரணத்தை மாணவர்கள் சொந்த வாக்கியத்தில் எழுதட்டும். மதிப்பெண் அந்தக் காரணத்துக்கே.